பெயரை மாற்றிய பிரெஞ்சுத் தீவிர வலதுசாரிக் கட்சி: கேள்வி பதில்

பிரான்சின் தேசியப் பேரணி கட்சியைப் பற்றிக் கேள்விகள் அனுப்பிய அனைவருக்கும் நன்றி. ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். 'ஃப்ரோன் நசியொனல்' என்ற பழைய பெயரைத் தேசிய முன்னணி என்றும், 'ரசாம்பிளமோன் நசியொனல்' என்ற இன்றைய பெயரைத் தேசியப் பேரணி என்றும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர், கல்லூரி மாணவி): ஐயா, தேசிய முன்னணியும் தேசியப் பேரணியும் ஒரே கட்சிதானா? பெயரை ஏன் மாற்றினார்கள்?

ஒரே கட்சிதான். 2018 மார்ச்சில் லீல் நகர மாநாட்டில் கட்சியின் அன்றைய தலைவர் மரீன் லு பென் புதிய பெயரை முன்மொழிந்தார். உறுப்பினர்கள் அஞ்சல் வழி வாக்களித்து ஏற்றுக்கொண்ட பின்னர், ஜூன் 1 அன்று லியோன் நகரில் அது நடைமுறைக்கு வந்தது. 'முன்னணி' என்ற சொல்லில் போர்க்களத்தின் வாடை இருந்தது. எதிர்ப்பதற்கு மட்டுமே பிறந்த கட்சி என்ற எண்ணத்தை அது வாக்காளரிடம் ஏற்படுத்தியது. 'பேரணி' என்பது பலரும் வந்து சேரக்கூடிய இடம் என்ற பொருளைத் தருகிறது. பிரெஞ்சு வலதுசாரி மரபில், குறிப்பாக முன்னாள் அதிபர் தெ கோலின் இயக்கத்தில், மதிப்புடன் வழங்கி வந்த சொல்லும் அதுவே.

இரண்டு செய்திகளை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். சின்னமான மூவண்ணத் தீச்சுடரை அவர்கள் கைவிடவில்லை. முசோலினிக்குப் பின் அவருடைய ஆதரவாளர்கள் இத்தாலியில் தொடங்கிய கட்சியின் சின்னத்தைப் பார்த்து 1972-இல் எடுத்துக்கொண்ட சுடர் அது. புதிய பெயருக்கும் கறை இல்லாமல் இல்லை: நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில், 1941-இல், ஜெர்மானியருடன் ஒத்துழைத்த மார்செல் தேஆ தொடங்கிய கட்சியின் பெயர் 'தேசிய மக்கள் பேரணி'. பெயர் மாற்றத்தின்போது பிரெஞ்சு ஏடுகள் இதை உடனே நினைவூட்டின.

கேள்வி (திருச்சி): அந்தப் பழைய பெயருக்கு அப்படி என்ன களங்கம்?

கட்சி 1972 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 'புதிய ஒழுங்கு' என்ற நவபாசிசக் குழு, தேர்தலில் நிற்பதற்கு ஏற்ற முகமாக மரீனின் தந்தை ழான்-மரி லு பென்னைத் தலைவராக்கியது. தொடக்கத்தில் கட்சியின் பொருளாளராக இருந்த பியேர் பூஸ்கே, இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் வாஃபென் எஸ்எஸ் படையில் பணியாற்றியவர். அல்ஜீரியா பிரான்சின் கையைவிட்டுப் போனதை ஏற்க மறுத்தவர்களும், நாஜிகளுடன் ஒத்துழைத்த விஷி ஆட்சியின் பழைய ஆதரவாளர்களும் அங்கே ஒன்றுகூடினர்.

1987 செப்டம்பரில், யூதர்களைக் கொன்ற நச்சுவாயு அறைகளை இரண்டாம் உலகப் போர் வரலாற்றின் ஒரு சிறு விவரம் என்று ழான்-மரி லு பென் வானொலியில் சொன்னார். நீதிமன்றம் தண்டித்த பிறகும் பல முறை அதையே திரும்பச் சொன்னார். வாய்தவறி வந்த சொல் என்று யாரும் அதைச் சமாதானப்படுத்த முடியாது. பிரெஞ்சு மக்களில் பெரும்பாலோர் இக்கட்சியைத் தீண்டத் தகாததாக நீண்ட காலம் கருதியதற்கு அந்த ஒரு சொல்லே போதுமான காரணம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): இந்தக் கட்சியை வளர்த்துவிட்டவர் சோசலிஸ்ட் அதிபர் மித்தெரானே என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. 1974 அதிபர் தேர்தலில் லு பென் ஒரு விழுக்காடு வாக்குகூடப் பெறவில்லை. 1981-இல் வேட்பாளராவதற்குத் தேவையான 500 மக்கள் பிரதிநிதிகளின் கையொப்பத்தையே அவரால் திரட்ட முடியவில்லை. திருப்பம் 1983-இல், பாரிசுக்கு மேற்கே உள்ள த்ரோ என்ற சிறுநகரில் வந்தது. அங்கே நகராட்சித் தேர்தலின் முதல் சுற்றில் தேசிய முன்னணிப் பட்டியல் 16.7 விழுக்காடு பெற்றது. இரண்டாம் சுற்றுக்கு முன் மரபான வலதுசாரிகள் அவர்களைத் தம் பட்டியலில் சேர்த்துக்கொண்டு நகராட்சியைக் கைப்பற்றினர். கதவை முதலில் திறந்தவர்கள் வலதுசாரிகளே என்பதை மறந்துவிடக் கூடாது. அடுத்த ஆண்டே ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் கட்சி ஏறத்தாழ 11 விழுக்காட்டை எட்டியது.

மித்தெரானின் பங்கு அதன் பிறகு வருகிறது. 1986 நாடாளுமன்றத் தேர்தலுக்கு மட்டும் அவர் விகிதாசார முறையைக் கொண்டுவந்தார். தன் கட்சியின் தோல்வியைக் குறைப்பதும் வலதுசாரிகளைப் பிளப்பதும் நோக்கம். பத்து விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான வாக்குடன் தேசிய முன்னணி 35 இடங்களை வென்றது. வலதுசாரி அரசு பழைய இரு சுற்று முறையை மீட்ட பின், 1988-இல் ஏறத்தாழ அதே அளவு வாக்கு அவர்களுக்கு ஒரே ஓர் இடத்தைத்தான் தந்தது.

கேள்வி (சென்னை): 2002-இல் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 21 அன்று, இடதுசாரி வாக்குகள் பல வேட்பாளர்களிடையே சிதறியதால், பிரதமர் ழோஸ்பன் 16.18 விழுக்காட்டுடன் வெளியேறினார், 16.86 விழுக்காடு பெற்ற லு பென் இரண்டாம் சுற்றுக்குச் சென்றார். இரண்டு வாரத்தில் இலட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினர். வலதுசாரி அதிபர் ஷிராக்கைப் பிடிக்காத இடதுசாரிகளும் அவருக்கே வாக்களித்தனர். முடிவு 82-க்கு 18. அப்போது லு பென்னுக்கு இரண்டாம் சுற்றில் கூடுதலாகக் கிடைத்தது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே மறுபடியும் தேவைப்படும்.

கேள்வி (சிங்கப்பூர்): மகள் வந்து எதை மாற்றினார்? உண்மையிலேயே எதையாவது மாற்றினாரா?

இதுவே மையமான கேள்வி என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2011 ஜனவரியில் தூர் நகர மாநாட்டில், தந்தையின் பழைய தோழரான புரூனோ கோல்னிஷை எதிர்த்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குடன் மரீன் லு பென் தலைவரானார். அவர் மேற்கொண்ட முயற்சியை 'தேதியாபொலிசாசியோன்' என்று பிரெஞ்சில் சொல்வார்கள். தங்கள்மேல் விழுந்த பிசாசு முத்திரையைத் துடைத்தெடுப்பது என்று பொருள். மற்றவர்கள் அநியாயமாகக் குத்திய முத்திரை என்ற தோற்றத்தை அந்தச் சொல்லே தந்துவிடுகிறது என்பதால், அதை அப்படியே எடுத்தாள எனக்கு மனமில்லை.

2015 ஏப்ரலில் தந்தை மீண்டும் நச்சுவாயு அறைப் பேச்சை எடுத்தபோது, மகளின் தலைமையிலான கட்சி அவரை முதலில் இடைநீக்கம் செய்து, ஆகஸ்டில் வெளியேற்றியது. கட்சியைத் தொடங்கியவரையே நீக்கிய இந்த முடிவு, மூன்று ஆண்டு கழித்து வந்த பெயர் மாற்றத்தைவிடப் பன்மடங்கு ஆழமான விளைவை ஏற்படுத்தியது என்பது என் கணிப்பு. சுவரொட்டிகளிலிருந்து 'லு பென்' என்ற குடும்பப் பெயரும் மறைந்தது. 2017 இரண்டாம் சுற்றில் 'மரீன்' மட்டுமே நின்றது. அந்தத் தேர்தலில் மக்ரோனுடனான தொலைக்காட்சி விவாதத்தில், யூரோ நாணயத்தை விட்டு வெளியேறும் திட்டத்தை அவரால் விளக்க முடியாமல் போனது. ஓய்வூதியச் சேமிப்பு கரைந்துவிடும் என்று அஞ்சிய முதியோர் விலகி நின்றனர். அதன் பிறகு அந்தத் திட்டத்தையே கைவிட்டார். 2022-இல் விலைவாசியையும் எரிபொருள் வரிக் குறைப்பையும் முன்னிறுத்தினார். அதே தேர்தலில் இன்னொரு தீவிர வலதுசாரி வேட்பாளரான எரிக் செமூர் அவரைவிடக் கடுமையாகப் பேசியதால், ஒப்பீட்டில் மரீன் மிதவாதியைப் போலத் தெரிந்தார். 2024 மே மாதத்தில், எஸ்எஸ் படையினர் எல்லோரும் குற்றவாளிகள் அல்லர் என்று பேசிய வேட்பாளரைக் கொண்டிருந்த ஜெர்மனியின் ஏஎஃப்டி கட்சியுடனான உறவையும் முறித்துக்கொண்டனர்.

மாறாதது எது? வீட்டுவசதி, சமூக உதவி, வேலை ஆகியவற்றில் பிரெஞ்சுக் குடிமக்களுக்கே முதலிடம் என்ற கொள்கை. தந்தை காலத்தில் 'தேசிய முன்னுரிமை' என்றிருந்ததை மகள் வேறொரு சொல்லால் குறிக்கிறார், உள்ளடக்கம் அதுவே. அக்கொள்கை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்குப் பழைய சான்று உண்டு. 1998-இல், இக்கட்சியின் கையில் இருந்த வித்ரோல் நகராட்சி, பெற்றோரில் ஒருவராவது பிரெஞ்சு அல்லது ஐரோப்பியக் குடிமகனாக இருந்தால் மட்டுமே குழந்தைக்கு 5,000 ஃபிராங்க் பிறப்பு உதவி என்று அறிவித்தது. பாகுபாடு என்று கூறி நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

கேள்வி (மதுரை): வாக்கில் முதலிடம் பெற்றும் 2024-இல் மூன்றாம் இடத்துக்குப் போனது எப்படி? கணக்கு புரியவில்லை.

மொத்தம் 577 தொகுதிகள். முதல் சுற்றில் பாதிக்கு மேல் வாக்கும், பட்டியலில் பதிவான மொத்த வாக்காளர்களில் கால் பங்குக்குக் குறையாத ஆதரவும் பெற்றால் அங்கேயே வெற்றி. இல்லையெனில் முதல் இருவருடன், பதிவான வாக்காளர்களில் 12.5 விழுக்காட்டின் ஆதரவைப் பெற்ற எவரும் இரண்டாம் சுற்றில் நிற்கலாம். வாக்குப்பதிவு அதிகமானால் மும்முனைப் போட்டிகள் பெருகும். அங்கே 35 விழுக்காடு வைத்திருப்பவர்கூட வென்றுவிடலாம்.

2024 ஜூன் 9 ஐரோப்பியத் தேர்தலில் கட்சித் தலைவர் ஜோர்தான் பார்தெல்லா தலைமையிலான பட்டியல் 31.4 விழுக்காடு பெற்ற அன்றிரவே மக்ரோன் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். ஜூன் 30 முதல் சுற்றில் தேசியப் பேரணியும் கூட்டாளிகளும் 33 விழுக்காட்டைத் தொட்டனர். மும்முனைப் போட்டிகள் முந்நூறைத் தாண்டின. அந்த ஒரு வாரத்தில் இடதுசாரிகளும் மக்ரோன் அணியினருமாக இருநூறுக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் விலகி, எதிரெதிர் அணிகளுக்கு வழிவிட்டனர். ஜூலை 7 அன்று தேசியப் பேரணி அணிக்கு ஏறத்தாழ 37 விழுக்காடு வாக்கும், 143 இடமும் மட்டுமே கிடைத்தன. இடதுசாரிக் கூட்டணியும் மக்ரோன் அணியும் அதை முந்தின.

ஆனால் இதை வைத்து, இக்கட்சியைத் தடுக்க மற்றவர்கள் ஒன்றுசேர்ந்து எழுப்பும் சுவர் பழைய வலிமையுடன் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். அதிபர் தேர்தல் இரண்டாம் சுற்றை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 2002-இல் 17.8, 2017-இல் 33.9, 2022-இல் 41.5. முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் இடையே 2002-இல் ஒரு விழுக்காடுகூட நகரவில்லை என்று மேலே சொன்னேன். 2022-இல் 18 விழுக்காடு நகர்ந்தது. நாடாளுமன்றத்தில் 2017-இல் 8 இடம், 2022-இல் 89 இடம். எதிர்ப்பதற்காகவே யாருக்கோ வாக்களித்துக் களைத்துப்போனவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அவ்வாறு வாங்கிய வாக்கை அதற்குரிய மதிப்புடன் ஆட்சியாளர்கள் நடத்தவில்லை என்பதும் என் மனக்குறை.

கேள்வி (தூத்துக்குடி): தொழிலாளர்கள் இடதுசாரிகளை விட்டு இங்கே வந்தார்கள் என்பது சரியா?

ஓரளவு சரி. வடக்கே எனன்-பொமோன் நகரைப் பாருங்கள். நிலக்கரிச் சுரங்கப் பகுதி. அந்த வட்டாரத்தின் கடைசிச் சுரங்கம் 1990-இல் மூடப்பட்டது. 2003-இல் அருகிலிருந்த மெட்டலூரோப் உலோக ஆலை மூடியபோது எண்ணூறுக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். 2009-இல் சோசலிஸ்ட் மேயரே ஊழல் வழக்கில் கைதானார். 2014-இல் ஸ்தீவ் பிரியுவா முதல் சுற்றிலேயே நகராட்சியை வென்றார். ஆனால் தெற்கே மத்தியதரைக் கடலோரத்தில் இக்கட்சியின் வாக்காளர்களில் பலர் எந்நாளும் வலதுசாரிகளே. அல்ஜீரியாவிலிருந்து திரும்பிய ஐரோப்பியக் குடும்பங்களும் அங்கே கணிசம். தேர்தலுக்கே வராமல் போன தொழிலாளர்களின் எண்ணிக்கையும் பெரிது.

கேள்வி (புதுச்சேரி): ரெயூனியன் தீவில் தமிழ் வம்சாவளியினர் வாழ்கிறார்கள். அங்கும் லு பென் வென்றாராமே?

ஆம். 2022 இரண்டாம் சுற்றில் ரெயூனியனில் அவருக்கு ஏறத்தாழ 60 விழுக்காடு. மற்றொரு பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் 70-ஐ நெருங்கியது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் சந்ததியினர், அங்கே 'மல்பார்' என்று அழைக்கப்படுவோர், ரெயூனியன் மக்களில் கணிசமான பகுதி. ஆனால் எந்தச் சமூகம் எப்படி வாக்களித்தது என்று பிரிக்க முடியாது. குடிமக்களை இன அடிப்படையில் கணக்கெடுக்கும் வழக்கம் பிரான்சில் இல்லை. விலைவாசி, வேலையின்மை, பெருந்தொற்றுக் கால விதிகள்மீதான சினம், மயோத் தீவில் குடியேற்றச் சிக்கல் எனக் காரணங்கள் பல. இதே தீவுகள் பலவற்றில் முதல் சுற்றில் முந்தியவர் இடதுசாரி மெலான்ஷோன் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மக்ரோனுக்கு எதிரான வாக்கு அதில் பெரும் பங்கு என்பது விளங்கும்.

கேள்வி (சேலம்): அவர்களைத் 'தீவிர வலதுசாரி' என்று அழைப்பது ஊடகங்களின் சார்பு இல்லையா?

இல்லை. உள்துறை அமைச்சகம் தன் தேர்தல் வகைப்பாட்டில் அப்படிக் குறித்ததை எதிர்த்துக் கட்சியே வழக்குத் தொடுத்தது. பிரான்சின் உச்ச நிருவாக நீதிமன்றம் 2024 மார்ச்சில் அதைத் தள்ளுபடி செய்தது.

கேள்வி (டொரொண்டோ): மரீன் லு பென்மீதான தீர்ப்பு கட்சியை வீழ்த்திவிடுமா?

ஐரோப்பிய நாடாளுமன்றம் உதவியாளர்களுக்கென்று தந்த பணத்தில் கட்சிப் பணியாளர்களுக்குச் சம்பளம் கொடுத்ததாக வழக்கு. 2025 மார்ச் 31 அன்று பாரிஸ் நீதிமன்றம் அவருக்கு நான்கு ஆண்டுச் சிறை விதித்தது. அதில் இரண்டு ஆண்டு நிறுத்திவைக்கப்பட்டது. ஐந்து ஆண்டு தேர்தலில் நிற்கத் தடையும் உடனே நடைமுறைக்கு வந்தது. அவர் மேல்முறையீடு செய்தார். கட்சி அவர் ஒருவரைச் சார்ந்து இப்போது இல்லை. 2022 நவம்பரிலேயே பார்தெல்லா தலைவராகிவிட்டார். 1972-க்குப் பின், லு பென் என்ற பெயர் இல்லாத முதல் முறையான தலைவர் அவர்.

கேள்வி (பாரிஸ் புறநகர், லா கூர்நெவ்): அண்ணா, நாங்கள் இலங்கையிலிருந்து வந்து பத்து ஆண்டு வதிவிட அட்டையுடன் இருக்கிறோம். பிள்ளை இங்கே பிறந்தவள், வயது பன்னிரண்டு. இவர்கள் ஆட்சிக்கு வந்தால் அவளுக்குக் குடியுரிமை கிடைக்காமல் போகுமா?

தம்பி, உங்கள் அச்சம் எனக்கு நன்றாகப் புரிகிறது. மண்ணில் பிறந்ததன்வழி வரும் குடியுரிமையை ஒழிப்பதாக அக்கட்சி வெளிப்படையாகவே சொல்கிறது. 2024-இல் பார்தெல்லா அதை மறுபடியும் அறிவித்தார். அதற்குச் சட்டம் இயற்ற வேண்டும், அரசமைப்புக் கழகம் அதைச் சோதிக்கும், பொதுவாக்கெடுப்பு வழியாகத் தாண்ட முயன்றால் அதுவே பெரும் சட்டப் போராட்டமாகும். ஆகவே ஒரே இரவில் நடக்கக்கூடியது அன்று.

இன்றைய சட்டப்படி, பிரான்சில் பிறந்து இங்கே வளரும் பிள்ளைக்குப் பதினெட்டு வயதில் குடியுரிமை தானாக வருகிறது. ஆனால் எட்டு வயதிலிருந்து தொடர்ந்து இங்கே வாழ்ந்திருந்தால், பதின்மூன்றாம் வயதில் பிள்ளையின் சம்மதத்துடன் பெற்றோரே நீதிமன்றத்தில் அறிவிப்புக் கொடுத்து அதைப் பெற்றுத் தரலாம். பதினெட்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழ், ஒவ்வோர் ஆண்டின் பள்ளிச் சான்றிதழ், உங்கள் வதிவிட அட்டைகள் ஆகியவற்றை இப்போதே எடுத்து வையுங்கள். பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கு இந்த மாதமே எழுதிக் கேளுங்கள்.