போர்ப் படையெடுப்பையும் பண்பாட்டுப் படையெடுப்பையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

கேள்வி இதுதான்: கொரியத் தொடர், வெளிநாட்டுச் சாப்பாடு, வாரக் கடைசியில் வந்து குவியும் சுற்றுலாக் கூட்டம் என்று எதை எடுத்தாலும் 'படையெடுப்பு' என்கிறார்களே, நிஜமான படையெடுப்போடு இதையெல்லாம் சேர்த்துப் பேசுவது சரிதானா?

எனக்குச் சொந்த ஊர் கடலூர், வேலை புதுச்சேரியில். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும் இந்தத் தூரத்துக்குள் மராட்டியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், ஹைதர் அலியின் படை என்று வராதவர்கள் குறைவு. அதனால் ஊரை வைத்தே பதில் சொல்கிறேன். நான் பார்ப்பது ஒன்றைத்தான். புதிதாக ஒன்று வந்த பிறகு, முன்பே இருந்தவர்கள் தங்கள் இடத்தில் இருக்க முடிந்ததா? முடியவில்லை என்றால் அது படையெடுப்புதான். ஆயுதம் இருந்ததா என்பது எனக்கு அடுத்த கேள்வி.

கடலூரை ஒட்டிக் கடற்கரையில் இருக்கும் தேவனாம்பட்டினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1690இல் அங்கிருந்த கோட்டையை, செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்த்தி. எதுவரைக்கும்? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும். கோட்டையிலிருந்து வெவ்வேறு திசைகளில் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்கள் எல்லாம் கம்பெனிக்குப் போயின, கடலூர் உட்பட. குண்டு கிராமங்கள் என்று அவற்றைச் சொல்வார்கள். குண்டு உப்பலவாடி இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. பணம் கை மாறி, எழுத்தில் பதிந்து நடந்த விற்பனை இது. ஆனால் அன்று காலை வயலில் நின்றுகொண்டிருந்த குடியானவனுக்குத் தலைக்கு மேல் ஒரு குண்டு போனது, சாயங்காலம் அவனுக்கு வேறு எஜமான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைவிடத் தெளிவான படையெடுப்பு எனக்குத் தெரியாது.

அப்புறம் நடந்த சண்டைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்தார். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து, பதிலுக்கு அதை இடித்தார்கள். 1783இல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டார்கள், கடலிலும் சண்டை நடந்தது. ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்று செய்தி வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். சண்டை தொடங்கியதும் முடிந்ததும் நம் ஊர்க்காரர் விருப்பத்தில் இல்லை.

1748இல் புதுச்சேரியில் நடந்ததை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். வெளியே ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவென் முற்றுகையிட்டிருந்தார். அந்த முற்றுகை தோற்றது, படை திரும்பிப் போனது. ஆனால் முற்றுகை நடந்துகொண்டிருந்த செப்டம்பர் மாதத்திலேயே, ஊரைக் காத்துக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர்களே வேதபுரீசுவரர் கோவிலை இடித்துத் தள்ளினார்கள். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷியான, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமான ஆனந்தரங்கப் பிள்ளை அதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிறகு வேறு இடத்தில்தான் கோவிலைக் கட்ட முடிந்தது. மதிலுக்கு வெளியே நின்ற எதிரியால் முடியாததை, உள்ளே இருந்த பாதுகாவலர் செய்தார். படையெடுப்பை வெளியிலிருந்து வரும் படையாக மட்டும் பார்த்தால் இது கணக்கிலேயே வராது.

வந்தவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். கடலூருக்குப் பக்கத்தில் திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோவிலில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. சோழ மன்னன் மூன்றாம் ராஜராஜனைக் காடவ அரசன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். சோழனை மீட்கப் போசள (ஹொய்சள) மன்னன் நரசிம்மன் தன் தளபதிகளை அனுப்பினான். அவர்கள் வரும் வழியில் எந்தெந்த ஊர்களை அழித்தார்கள் என்று அந்தக் கல்வெட்டு பெருமையோடு வரிசைப்படுத்துகிறது. முகூர்த்த நாளில் கல்யாணக் கூட்டம் அலைமோதும் கோவில் அது. ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்துக்கு அனுப்பிய கப்பல்களைப் பற்றி நாம் பேசும்போதும், கரையில் நின்று அந்தக் கப்பல்களைப் பார்த்தவர்களை நினைத்துக்கொள்வது நியாயம்.

சரி, ஆயுதம் இல்லாமல் வந்தவற்றுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் மல்லாட்டை இல்லாத வீடு இல்லை. வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன், அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். பண்ருட்டி முந்திரிக்குப் பூர்வீகம் பிரேசில், போர்த்துகீசியர் கொண்டுவந்தது. இன்று பண்ருட்டிப் பக்கம் போனால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைப்பதைப் பார்க்கலாம். தோட்டு எண்ணெய் பட்டு விரல் நுனி கறுத்திருக்கும், சாம்பலைத் தொட்டுக்கொண்டே உடைப்பார்கள், பருப்பு மட்டும் முழுசாக வந்து விழும். அவர்களிடம் போய் இது அந்நியப் பயிர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதே சமயம், அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேலம் ஏரியையும் புறம்போக்கையும் பிடித்து, தன் அடியில் வேறு செடி தலைதூக்க விடாமல் செய்கிறது. இரண்டும் வந்தேறிதான். ஒன்று பக்கத்தில் இருந்ததை வாழவிட்டது, மற்றது விடவில்லை.

பாட்டு, தொடர் விஷயத்திலும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். 1964இல் பீட்டில்ஸ் குழு அமெரிக்கா போனதையும், பின்னாலேயே மற்ற ஆங்கிலேயக் குழுக்கள் போனதையும் அமெரிக்கர்கள் 'பிரிட்டிஷ் படையெடுப்பு' என்றார்கள். ஆனால் அந்தக் குழுக்கள் பாடிப் பழகியதே அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் இசையை. போன சரக்கு வேறு உருவில் வீடு திரும்பியது, அவ்வளவுதான். என் அக்கா மகள் தமிழ்க் குரல் கொடுத்த கொரியத் தொடர் பார்க்கிறாள், கொரிய எழுத்துகூடக் கொஞ்சம் படிக்கிறாள். எனக்கு அதில் சந்தோஷம்தான். அவள் பொங்கலுக்குக் கோலம் போடுவதை அது நிறுத்தவில்லை.

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் ஆர்மோனியம் இல்லாமல் ஒரு இரவு நகராது. ஐரோப்பாவில் பிறந்த பெட்டி அது. அந்நிய வாத்தியம், சுரங்களை அசைத்து இழைக்கும் நம் கமகத்துக்கு ஒத்துவராது என்று அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தள்ளியே வைத்தது, 1971 வரை தடை நீடித்தது. அந்த வருடங்களிலும் திரௌபதி அம்மன் கோவில் திடலில் பெட்டிக்காரர் ஒரு கையால் துருத்தியை அசைத்து, மறு கையால், கூத்தை அறிமுகப்படுத்திச் சிரிக்கவைக்கும் கட்டியங்காரன் பாட்டுக்குச் சுருதி பிடித்துக்கொண்டுதான் இருந்தார். பக்கத்திலேயே முகவீணை என்ற சின்ன நாயனமும் ஒலித்தது.

எனக்கு உண்மையாகவே வலிப்பது புதுச்சேரியின் வாரக் கடைசி. நண்பர் குடும்பம் தலைமுறையாக வாடகைக்கு இருந்த தமிழர் பகுதி வீடு, திண்ணையும் முற்றமும் உள்ளது. உரிமையாளர் அதைத் தங்கும் விடுதிக்குக் கொடுத்துவிட்டார். இவர்கள் ஊருக்கு வெளியே குடிபோனார்கள். தினமும் சாயங்காலம் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு அம்மா பூக் கட்டி விற்பார். இப்போது திண்ணைக்குக் குறுக்கே சங்கிலி, உள்ளே தங்குபவர்கள் அதில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அம்மா தெரு முனையில் வெயிலில் நிற்கிறார். சுற்றுலாவால் பிழைக்கும் ஆட்டோக்காரர்களும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. வருகிறவர்கள் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நான் சொன்ன அளவுகோலில் கொரியத் தொடரைவிட இதுதான் படையெடுப்புக்கு மிக அருகில் நிற்கிறது. இருந்தவர் நகர்ந்துபோக வேண்டி வந்தது, அவரை யாரும் கேட்கவில்லை.

ஆகவே எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, போர் மட்டும்தான் படையெடுப்பு என்றும் சொல்ல முடியாது. கூத்தைப் பற்றியும் கடைசியாக ஒன்று. எங்கள் பக்கம் பல ஊர்களில் கூத்து நடந்த இரவில் இப்போது இன்னிசைக் கச்சேரி வைக்கிறார்கள். அதை முடிவு செய்வது கொரியாவில் இருக்கும் யாரும் இல்லை, ஊர் விழாக் குழுதான். எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒரு ராத்திரியாவது கூத்துக்கு ஒதுக்கச் சொல்லிக் குழுவில் கேட்டிருக்கிறேன். கூத்து ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, முன்பணம் நான் தருவதாகவும் சொல்லிவிட்டேன்.