செவப்பு கேப்சூலுக்குள்ள என்ன இருக்கு? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பாசியில இருந்து எடுக்கற சப்ளிமெண்ட்ஸ் பத்தி எழுதியிருந்தோம், அதுக்கு வந்த கடிதம் மெயில் எல்லாத்துலயும் பாதிக்கு மேல அஸ்டாக்சாந்தின்ங்கற செவப்பு நெறமி பத்திதான் கேட்டிருக்கீங்க. அதனால இந்த தடவை பக்கம் முழுசும் அதுக்கே விட்டாச்சு.

கே: லேபிள்ல "நேச்சுரல்"னு போட்டிருந்தா அது பாசியில இருந்து வந்ததுன்னே எடுத்துக்கலாமா சார்?

எடுத்துக்க முடியாதுங்க. அஸ்டாக்சாந்தின் முக்கியமா நாலு வழியில மார்க்கெட்டுக்கு வருது. ஹெமடோகாக்கஸ் புளூவியாலிஸ்ங்கற நன்னீர்ப் பாசி ஒண்ணு (இப்ப ஹெமடோகாக்கஸ் லகுஸ்ட்ரிஸ்னும் எழுதறாங்க, ரெண்டுல எந்தப் பேர் இருந்தாலும் அதே பாசிதான்), ஃபாஃபியாங்கற ஈஸ்ட் ஒண்ணு, பாராகாக்கஸ்ங்கற பாக்டீரியா ஒண்ணு, அப்புறம் பெட்ரோலிய மூலப்பொருள்ல இருந்து ஃபேக்டரியில செய்யற சிந்தெடிக். ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் உயிருள்ளதுதானே, அதனால அதுல இருந்து வந்ததையும் "நேச்சுரல்"னு சொல்லி விக்க முடியும்.

நாலுலயும் மூலக்கூறு ஒண்ணேதான், ஆனா அதோட ரெண்டு முனையிலயும் ஒரு இடம் ரெண்டு பக்கத்துல ஏதோ ஒண்ணுக்குத் திரும்பி நிக்கலாம், அந்த ரெண்டு பக்கத்துக்கும் எஸ், ஆர்னு பேர் வெச்சிருக்காங்க. பாசியில ரெண்டு முனையுமே எஸ் பக்கம் திரும்பியிருக்கும், ஈஸ்ட்ல ரெண்டுமே ஆர், சிந்தெடிக்ல எஸ்-எஸ், எஸ்-ஆர், ஆர்-ஆர்னு மூணு விதமும் 1:2:1ங்கற கணக்குல கலந்து கிடக்கும். பாக்டீரியாவும் பாசி மாதிரியே எஸ்-எஸ்தான், அப்ப அதை எப்படிப் பிரிக்கறதுன்னா, பாசிக்குள்ள இருக்கற அஸ்டாக்சாந்தின் பெரும்பாலும் கொழுப்பமிலம் ஒட்டின எஸ்டரா இருக்கும், ஒண்ணும் ஒட்டாம தனியா இருக்கறது சுமார் 5 சதவீதம்தான். மத்த மூணுலயும் எஸ்டர் கிடையாது, தனியாத்தான் இருக்கும். ஆக எஸ்-எஸ், எஸ்டர் ரெண்டு அடையாளமும் சேர்ந்து இருந்தாத்தான் பாசின்னு நம்பலாம். லேபிள்ல குறைஞ்சபட்சம் பாசியோட பேராவது தெளிவா இருக்கணும், வெறும் "நேச்சுரல் அஸ்டாக்சாந்தின்"னு மட்டும் போட்டு மூலத்தைச் சொல்லலைன்னா நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

கே: ஸ்பைருலினாவும் பாசி, இதுவும் பாசி. அது சல்லிசா கிடைக்குது, இது மட்டும் ஏன் இவ்வளவு வெலை? சும்மா பேருக்காக ஏத்தி விக்கறாங்களா?

நியாயமான சந்தேகம், ஆனா வெலைக்கு காரணம் இருக்கு. ஸ்பைருலினா வளர்ற தண்ணி கடுமையான காரத்தன்மை உள்ளது, பிஹெச் 10 பக்கம், அந்தத் தண்ணியில வேற எதுவும் சுலபமா பொழைக்காது, அதனால திறந்த தொட்டியிலயே தைரியமா வளர்க்கலாம். ஹெமடோகாக்கஸுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, அது கேக்கறது சாதாரண நல்ல தண்ணி, மிதமான சூடு, கொஞ்சம் நைட்ரேட், கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு, இது எல்லாம் மத்த பாசிக்கும் பூஞ்சைக்கும் அமீபாவுக்கும் கூட பிடிச்சதுதான், இது வேற மெதுவாத்தான் பெருகும், அதனால அசந்தா வேற ஏதாவது வந்து தொட்டியைப் பிடிச்சுக்கும். பாராஃபைசோடெர்மா செடெபோக்கெரன்ஸ்னு ஒரு பூஞ்சை இருக்கு, இஸ்ரேல்ல செடெ போக்கர்ங்கற ஊர் பேரை வெச்சு பேர் கொடுத்தாங்க, அது உள்ள புகுந்துட்டா சில நாள்ல மொத்த வளர்ப்பும் போயிடும். பாசி வளர்க்கறவங்க இதுக்குப் பயப்படற அளவுக்கு வேற எதுக்கும் பயப்பட மாட்டாங்க.

அதோட வேலை ரெண்டு கட்டம். முதல் கட்டத்துல பாசி பச்சையா இருக்கும், ரெண்டு மெல்லிய வாலை வெச்சுக்கிட்டு நீந்திக்கிட்டே இருக்கும், அதை மூடின குழாய்லயோ டேங்க்லயோ சுத்தமா வெச்சு பெருக்கணும். ரெண்டாவது கட்டத்துல வேணும்னே அதைப் பட்டினி போடணும், நைட்ரஜனை நிறுத்திட்டு கண்ணைக் கூசற வெளிச்சத்துல நிறுத்துவாங்க. அப்ப அது நீந்தறதை நிறுத்தி வாலை விட்டுட்டு உருண்டையாகி கனமான சுவர் கட்டிக்கும், உள்ள பச்சையம் கொறைய ஆரம்பிக்கும், பீட்டா கரோட்டினை ரெண்டு வகை என்சைம் மாத்தி மாத்தி அஸ்டாக்சாந்தின் ஆக்கும், அது எண்ணெய்த் துளிக்குள்ள கரைஞ்சு முதல்ல செல்லோட கருவைச் சுத்தி சேரும், வெயில்ல கருவுக்கு குடை பிடிக்கற மாதிரி. நல்லா நடந்தா காய்ஞ்ச எடையில 3லேர்ந்து 5 சதவீதம் வரைக்கும் அஸ்டாக்சாந்தின் கிடைக்கும், அவ்வளவுதான். 4 சதவீதம்னே வெச்சுக்கோங்க, ஒரு 12 மில்லிகிராம் கேப்சூலுக்கு வழியில எதுவும் வீணாகலைன்னாலும் 300 மில்லிகிராம் காய்ஞ்ச பாசி வேணும்.

ஹவாயில கோனா, இஸ்ரேல்ல அரவா பாலைவனம்னு வெயில் கொட்டற இடமா பாத்து பண்ணை வெச்சதுக்கு இந்த ரெண்டாவது கட்டம்தான் காரணம். ஸ்வீடன்ல வெயிலுக்கு வழி இல்லாம கட்டடத்துக்குள்ள லைட் போட்டே வளர்க்கறாங்க, கரண்ட் பில் ஏறும், ஆனா வெளியில இருந்து தூசி கிருமி வர்றது கொறையும்.

இன்னும் முடியலை. அந்த கனமான சுவரை உடைக்கணும், இல்லைன்னா நம்ம வயித்துல ஜீரணமாகாம அப்படியே வெளிய போயிடும், சின்னச் சின்ன உருண்டை மணிகளைப் போட்டு அரைக்கற மில்லுலயோ பெரிய அழுத்தத்துலயோ உடைப்பாங்க. உடைச்ச உடனே வேற தொல்லை, காத்து பட்டா அஸ்டாக்சாந்தின் கெட ஆரம்பிச்சிடும், அதனால சீக்கிரமா உலர்த்தி காத்துப் படாம வெச்சு எண்ணெயா பிரிச்சு எடுக்கணும். கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரிக்கு மேல சூடாக்கி 74 பாருக்கு (ஒரு பார்ங்கறது ஏறக்குறைய நம்மைச் சுத்தி இருக்கற காத்தோட அழுத்தம்) மேல அழுத்தினா அது வாயுவும் இல்லாம திரவமும் இல்லாம ஒரு நிலைக்கு வரும், பாசிக்கு அதை விட பல மடங்கு அழுத்தம் கொடுத்து எடுப்பாங்க, எடுத்தப்புறம் அழுத்தத்தை விட்டா அது காத்தா போயிடும், கரைப்பான் மிச்சம் இருக்காது. அசிட்டோன், எத்தனால் வெச்சு எடுக்கறவங்களும் இருக்காங்க, அது தப்பு இல்லை, ஆனா மிச்சம் எவ்வளவுன்னு ரிப்போர்ட்ல காட்டணும்.

கே: கம்பெனிக்கு எழுதி லேப் ரிப்போர்ட் வாங்கிட்டேன். ரெண்டு பக்கம் இருக்கு, ஒண்ணும் புரியலை. எதைப் பாக்கணும்?

வாங்கினதே பெரிய விஷயம், நெறைய பேர் கேக்கறதே இல்லை. முதல்ல பேட்ச் நம்பர், உங்க டப்பாவுல இருக்கறதும் ரிப்போர்ட்ல இருக்கறதும் ஒண்ணான்னு பாருங்க, வேற பேட்ச் ரிப்போர்ட்டை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

அடுத்தது எந்த முறையில அளந்தாங்கங்கறது, என்னைக் கேட்டா மொத்த ரிப்போர்ட்லயும் இதுதான் உயிர். ஸ்பெக்ட்ரோ முறைன்னா எண்ணெயைக் கரைச்சு 474, 480 நானோமீட்டர் பக்கத்துல எவ்வளவு வெளிச்சத்தை உறிஞ்சுதுன்னு பாக்கறது, சுலபம், சல்லிசு, ஆனா அந்த இடத்துல பீட்டா கரோட்டின், லூட்டின், காந்தாசாந்தின்னு மத்த நெறமிகளும் வெளிச்சத்தை உறிஞ்சும், எல்லாத்தையும் அஸ்டாக்சாந்தின் கணக்குல சேர்த்துடும், அதனால நம்பர் கூடத்தான் வரும். எச்பிஎல்சி முறையில ஒவ்வொண்ணையும் தனித்தனியா பிரிச்சு அளப்பாங்க. பாசி எண்ணெய்ல விதவிதமான எஸ்டர் இருக்கறதால முதல்ல கொலஸ்ட்ரால் எஸ்டரேஸ்ங்கற என்சைம் போட்டு ஒட்டியிருக்கற கொழுப்பமிலத்தை வெட்டி விட்டுட்டு அப்புறம் அளக்கறதுதான் சரியான வழி. வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பாத்தா எஸ்டர் எவ்வளவு, தனி எவ்வளவுன்னும் தெரிஞ்சிடும், தனியா இருக்கறது எக்கச்சக்கமா இருந்தா யாரோ சிந்தெடிக் கலந்திருக்காங்களான்னு சந்தேகப்படணும்.

அப்புறம் ஈயம், ஆர்சனிக், காட்மியம், பாதரசம் நாலும் நம்பரா இருக்கணும், வெறும் "பாஸ்"னு போட்டா எவ்வளவுன்னு கேளுங்க. மொத்த கிருமி எண்ணிக்கை, ஈஸ்ட் பூஞ்சை, ஈ.கோலை, சால்மோனெல்லா, எண்ணெய்க்கு பெராக்சைடு அளவு (எண்ணெய் காறிப்போக ஆரம்பிச்சிருக்கான்னு காட்டறது), இதையும் பாருங்க. டெஸ்ட் பண்ணினது கம்பெனியோட சொந்த லேபா வெளி லேபாங்கறதும் முக்கியம், வெளி லேப்தான் நல்லது.

கே: ஒரு டப்பால 12 மி.கி., இன்னொண்ணுல 120 மி.கி.ன்னு இருக்கு. வெலை ரெண்டும் ஒண்ணுதான். 120 வாங்கிடவா?

அவசரப்படாதீங்க. 120 மில்லிகிராம்ங்கறது அனேகமா எண்ணெயோட எடை, அதுல 10 சதவீதம் அஸ்டாக்சாந்தின்னா உள்ள இருக்கறது அதே 12தான், எண்ணெய் 5 சதவீதம்னா வெறும் 6. "அஸ்டாக்சாந்தின் காம்ப்ளெக்ஸ்", "பாசி எக்ஸ்ட்ராக்ட்"னு போட்டு பெரிய நம்பர் இருந்தா பக்கத்துலயே சின்ன எழுத்துல சதவீதம் இருக்கான்னு தேடுங்க, இல்லைன்னா வெச்சிட்டு வந்துடுங்க.

இன்னொரு நுணுக்கமும் இருக்கு, இதை யாரும் அவ்வளவா சொல்றதில்லை. "அஸ்டாக்சாந்தின் எஸ்டர் 12 மி.கி."ன்னு இருந்தா அதுல கொழுப்பமிலத்தோட எடையும் சேர்ந்துடுது. ஒரு ஒலியிக் அமிலம் ஒட்டின எஸ்டர்னா அதுல அஸ்டாக்சாந்தின் பங்கு சுமார் 69 சதவீதம்தான், அப்ப 12 மில்லிகிராம் எஸ்டர்ல உண்மையான அஸ்டாக்சாந்தின் 8.3 பக்கம்தான் வரும். எதைக் கணக்கு பண்ணியிருக்காங்கன்னு கேட்டு எழுதுங்க, ஒழுங்கான கம்பெனி பதில் சொல்லும்.

கே: இறால் வேகவெச்சா செவக்குதே, அதுவும் இதேதானா?

அதேதான். உயிரோட இருக்கறப்ப ஒரு புரதத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கறதால நெறம் மறைஞ்சு இருக்கும், சூடு பட்டதும் புரதம் உருக்குலைஞ்சு செவப்பு வெளிய வரும். 1938ல ரிச்சர்ட் குன், சோரென்சன்ங்கற ரெண்டு விஞ்ஞானிங்க லாப்ஸ்டர்ல இருந்துதான் இதைப் பிரிச்சு எடுத்தாங்க.

கே: வைட்டமின் சியை விட 6000 மடங்கு சக்தின்னு விளம்பரம் வருது. உண்மையா?

அந்த நம்பர் ஆகாசத்துல இருந்து வரலை, சோதனைக் குழாய்ல செல்லைக் கெடுக்கற வீரியமான ஆக்சிஜன்ல சிங்க்லெட் ஆக்சிஜன்ங்கற ஒரே ஒரு வகையை அடக்கறதுல ரெண்டையும் ஒப்பிட்டப்ப வந்தது. ஆனா வைட்டமின் சி தண்ணியில வேலை செய்யறது, அஸ்டாக்சாந்தின் கொழுப்புல வேலை செய்யறது, உடம்புக்குள்ள ரெண்டுக்கும் இடமும் வேற வேலையும் வேற. சாப்பிட்டா 6000 மடங்கு பலன்னு அர்த்தமே கிடையாது. தோல், கண் சோர்வு பத்தி மனுஷங்க மேல செஞ்ச ஆய்வுகள் இருக்கு, அதுல நெறைய சின்னது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தன்கிட்ட வந்த அஸ்டாக்சாந்தின் நலன் வாசகங்களுக்கு காரண காரியத் தொடர்பு நிரூபணமாகலைன்னுதான் சொல்லியிருக்கு. அதனால நோய் தீரும்னு சொல்லி விக்கறவங்ககிட்ட இருந்து ஒதுங்கியே இருங்க, அந்த எண்ணெய் எவ்வளவு நல்லதா இருந்தாலும் சரி.

கே: தினமும் எவ்வளவு சாப்பிடலாம்? அம்மாவுக்கும் கொடுக்கலாமா?

அதே ஆணையம் 2020ல பெரியவங்களுக்கு சப்ளிமெண்ட் வழியா நாளைக்கு 8 மில்லிகிராம் பாதுகாப்பானதுன்னு முடிவு சொன்னது, சாப்பாட்டுல இருந்து வர்றதையும் சேர்த்து யோசிச்சுத்தான். எல்லா வழியிலயும் சேர்த்து நாளைக்கு உடல் எடை கிலோவுக்கு 0.2 மில்லிகிராம்ங்கறது அவங்க வெச்ச எல்லை, 60 கிலோ ஆளுக்கு 12 ஆகுது. கொழுப்புல கரையறதால கொஞ்சம் எண்ணெய் கொழுப்பு இருக்கற சாப்பாட்டோட சாப்பிட்டாத்தான் உடம்புல சேரும், வெறும் வயித்துல வேண்டாம். அம்மா ரத்தம் உறையாம இருக்கறதுக்கோ வேற எதுக்கோ தொடர்ந்து மாத்திரை எடுக்கறாங்கன்னா டாக்டர்கிட்ட கேக்காம கொடுக்காதீங்க. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பசங்களுக்கும் நீங்களா முடிவு பண்ணவே கூடாது.

கே: கேப்சூலை உடைச்சு தண்ணியில போட்டா நல்லதா கெட்டதான்னு தெரிஞ்சிடும்னு ஒரு வீடியோ பாத்தேன்.

தெரியாதுங்க. எண்ணெய்னா மெதக்கத்தான் செய்யும், சிந்தெடிக்கை எண்ணெய்ல கலந்திருந்தாலும் மெதக்கும், நெறமும் செவப்பாத்தான் இருக்கும். வீட்டுல பாக்க முடிஞ்சது கெட்டுப்போச்சாங்கறது மட்டும்தான்: அடர்ந்த செவப்பு மங்கி பழுப்பு தட்டியிருந்தா, காறல் வாடை வந்தா, கேப்சூல் ஒட்டிக்கிட்டு கசிஞ்சிருந்தா தூக்கிப் போடுங்க. லேசா கடல்பாசி வாடை வந்தா அதுக்காகப் பயப்பட வேண்டாம். வெளிச்சம், சூடு, காத்து மூணும் இதுக்கு ஆகாது, அதனால டப்பா வெளிச்சம் புகாததா இருக்கணும், உள்ள டோகோஃபெரால் (வைட்டமின் ஈ) மாதிரி ஏதாவது சேர்த்திருந்தா அது எண்ணெய் கெடாம இருக்கத்தான், கலப்படம் இல்லை. கண்ணாடி பாட்டில்ல பளிச்னு தெரியற மாதிரி அடுக்கி வெச்சு விக்கறதைப் பாத்தா எனக்கு வருத்தமாத்தான் இருக்கும்.

கே: நான் காலேஜ் படிக்கறேன். வீட்டுலயே பாட்டில்ல இந்தப் பாசியை வளர்த்து சாப்பிட முடியுமா?

வளர்க்கறது முடியும் தம்பி, மழைத்தண்ணி தேங்கற குழியிலயும் பறவைக்கு வெக்கற தொட்டியிலயும் தண்ணி வத்தறப்ப செவப்பா படியுதே, அதுல பல சமயம் இருக்கறது இந்தப் பாசிதான். ஆனா சாப்பிட வேண்டாம். கூட என்னென்ன கிருமி வளருதுன்னு உன்னால பாக்க முடியாது, சுவரை உடைக்கறதுக்கு மிக்ஸி பத்தாது, எவ்வளவு அஸ்டாக்சாந்தின் இருக்குன்னும் அளக்க முடியாது. காலேஜ் லேப்ல மைக்ரோஸ்கோப் இருந்தா சுத்தமான கல்ச்சர் வாங்கி நைட்ரேட் இருக்கற பாட்டில் ஒண்ணு இல்லாத பாட்டில் ஒண்ணுன்னு வெச்சு, தினமும் ஒரு சொட்டு எடுத்துப் பாத்து எந்த நாள்ல நீந்தறது நிக்குது, எந்த நாள்ல செவப்பு தெரியுதுன்னு நோட்ல எழுதிக்கிட்டே வா, ப்ராஜெக்டுக்கு அருமையான விஷயம், என்ன கிடைச்சுதுன்னு எங்களுக்கும் எழுது.