மேற்கே கடல் தெரியும் மனையில் கண்ணாடிச் சுவர் வைக்கலாமா?

"மொரீஷியஸின் மேற்குக் கரையில், தாமரென் பக்கம், மலைச் சரிவில் 150 துவாஸ் (இங்கே நிலம் அளக்கும் அலகு) மனை வாங்கியிருக்கிறோம். மேற்கே கடல் நன்றாகத் தெரிகிறது. அந்தப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைக்க எனக்கு ஆசை. சமையலறை அக்னி மூலையில், அதாவது தென்கிழக்கில்தான் வர வேண்டும் என்கிறார் அப்பா. வெயிலையும் புயலையும் நினைத்தால் பயமாகவும் இருக்கிறது. எப்படித் திட்டமிடலாம்?"
- ஒரு வாசகி, ரோஸ் ஹில்

நல்ல மனை. ஆனால் முழுக் கண்ணாடிச் சுவர் வேண்டாம் என்றே சொல்வேன். மேற்குக் கரையில் கடல் இருக்கிற திசையும் மாலை வெயில் அடிக்கிற திசையும் ஒன்றுதான். சுவர் முழுக்கக் கண்ணாடி போட்டுவிட்டு, மூன்று மணிக்கே திரையை இழுத்து மூடி ஏசியில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கடலுக்காகவே வாங்கிய மனையில் கடலைப் பார்க்க முடியாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

முதலில் வெயில் வரும் வழியைப் பாருங்கள். மொரீஷியஸ் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறது. டிசம்பரில் சூரியன் நேர் மேற்கிலிருந்து சுமார் 25 பாகை தெற்கே தள்ளி மறைகிறது. ஜூனில் அதே அளவு வடக்கே தள்ளி. அதாவது, சுடுகிற மாதங்களின் மாலை வெயில் தென்மேற்கிலிருந்து வரும். இதமான மாதங்களின் வெயில் வடமேற்கிலிருந்து. உங்கள் வீட்டுக்கு இதைவிட முக்கியமான தகவல் கிடையாது. வீட்டின் முகத்தை நேர் மேற்கில் வைக்காமல் வடக்குப் பக்கமாக ஒரு 15 பாகை திருப்புங்கள். கடல் எங்கும் போய்விடாது. தென்மேற்கு முனையில் நாட்டு வாதாம், அதுதான் நம் பதமியே மரம், ஒன்றிரண்டு நடுங்கள். கோடையில் அடர்ந்து நிழல் தரும், குளிர் மாதங்களில் இலை உதிர்த்து வெளிச்சம் விடும். மனையிலிருந்து ல மோர்ன் மலை தெரிந்தால் அது இன்னும் தெற்கே தள்ளித்தான் இருக்கும். அதற்கென்று பக்கச் சுவரில் ஒடுக்கமான ஒரு ஜன்னல் போதும்.

அப்புறம் வராந்தா. நம் பழைய வீடுகளின் 'வராங்' இந்தத் தீவுக்கென்றே அமைந்த ஏற்பாடு. ஆனால் ஆழம் போதாவிட்டால் பயனில்லை. மேற்குப் பார்த்த வராந்தா 3 மீட்டர் ஆழம், கூரை விளிம்பு 2.7 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் மாலை நாலு மணிக்கு வெயில் உங்கள் நிலைப்படியைத் தாண்டத் தொடங்கும். ஐந்து மணிக்கு ஹாலுக்குள் இரண்டரை மீட்டருக்கும் மேல் வந்துவிடும். எனவே கூரை மட்டும் போதாது. வராந்தாவின் வெளி விளிம்பில் தள்ளி நகர்த்தக்கூடிய மரச் சட்டக் கதவுகள் வையுங்கள். நாலு மணிக்கு மூடி, சூரியன் கடலைத் தொடும் நேரத்தில் திறந்துவிடலாம்.

வராந்தாவின் கைப்பிடிச் சுவரையும் கவனியுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் கண் மட்டம் தரையிலிருந்து ஏறக்குறைய 1.15 மீட்டர். எதிரே 1 மீட்டர் உயரத்துக்குக் கட்டுச்சுவர் எழுப்பினால் தொடுவானம் தெரியும். கீழே இருக்கும் கரையும், கரையோர ஆழமில்லாத கடலான லகூனின் நிறமும் மறைந்துபோகும். மெல்லிய கம்பித் தடுப்பு வைத்தால் இரண்டும் கிடைக்கும்.

அப்பா சொல்வதற்கு வருகிறேன். இங்கே காற்று ஆண்டில் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து வீசுகிறது. சமையலறையை அக்னி மூலையில் வைத்தால் தாளிப்பு வாசமும் புகையும் வீடு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் வெளியேறும். வாஸ்து முறையிலேயே இரண்டாவது இடமாக வாயு மூலையை, அதாவது வடமேற்கை ஏற்கிறார்கள். அங்கே வைத்தால் காற்று புகையை வெளியே கொண்டுபோகும். சமைக்கிறவர்களுக்கும் கடல் தெரியும். அப்பாவிடம் பேசிப் பாருங்கள், ஒத்துக்கொள்வார் என்று நம்புகிறேன். பூஜை அறை வடகிழக்கில் இருக்கட்டும். காலை வெளிச்சம் அங்கே அழகாக விழும்.

தென்கிழக்கில் காற்று நுழைய ஜன்னல் வையுங்கள். மலை தெரிவதும் வீட்டின் பின்பக்கம்தான். காலையில் காப்பி குடிக்க அந்தப் பக்கம் ஒரு சின்னத் திண்ணை கட்டுங்கள். கடல் மனை வாங்குகிறவர்கள் மலையை மறந்து, அந்தப் பக்கம் முழுக்கக் குளியலறைகளை அடுக்கிவிடுகிறார்கள். தாமரென் மலைகளுக்கு அது நியாயமே இல்லை.

புயலுக்கு வழி இருக்கிறது. 1960இல் கரோல் புயல் அடித்த பிறகுதான் இங்கே கான்கிரீட் வீடுகள் பரவின. 1975இல் ஜெர்வேஸ் வந்து அந்தப் பாடத்தை இன்னொரு முறை நடத்தியது. சுவரும் கூரையும் பெரும்பாலும் நின்றுவிடும். உடைவது கண்ணாடிதான். ஒரே பெரிய பலகைக்குப் பதில், அடுக்குக் கண்ணாடியை (லாமினேட்டட்) சின்னச் சட்டங்களில் போடுங்கள். உடைந்தாலும் சில்லு சிதறாது. ஒவ்வொரு திறப்புக்கும் உறுதியான வெளிக்கதவு வேண்டும். புயலின் மையம் கடக்கும்போது காற்று திசை மாறும் என்பதால் எந்தப் பக்கத்தையும் விட்டுவிட வேண்டாம்.

சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல் வீட்டை இரண்டு மட்டமாக இறக்குங்கள். மண் வேலை குறையும், பின்னறையிலிருந்தும் முன்னறைக்கு மேலாகக் கடல் தெரியும். மழைநீர் இறங்கும் தடத்தை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

வரைபடம் போடும் முன் இன்னொரு வேலை. கீழே உள்ள மனை யாருடையது, அங்கே எத்தனை மாடி கட்ட அனுமதி கிடைக்கும் என்று பிளாக் ரிவர் மாவட்ட கவுன்சிலில் விசாரியுங்கள். பத்திரத்தில் உயரக் கட்டுப்பாடு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பத்திரம் எழுதும் நொத்தேரிடமும் கேளுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், எதிர்மனையில் இரண்டு மாடி எழும்பிவிட்டதாகவே வைத்துக்கொண்டு, அப்போதும் கடல் எந்த இடைவெளியில் தெரியுமோ அங்கே உங்கள் ஹாலை வையுங்கள்.