இணையவழி வணிகச் சட்டங்களை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி: நான் வணிகவியல் பட்டதாரி. மதுரையில் சுங்குடிச் சேலைகளைக் கொள்முதல் செய்து, சொந்த வலைத்தளத்திலும் பெரிய விற்பனைத் தளம் ஒன்றிலும் விற்க இருக்கிறேன். அதற்கு முன் உரிய சட்டங்களை முறையாகப் படிக்க விரும்புகிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைப் படித்தால் போதுமா? பட்டயப் படிப்பில் சேர வேண்டுமா?

பதில்: தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 தேவையானதுதான், ஆனால் அதிலிருந்து தொடங்க வேண்டாம். வாடிக்கையாளரின் ஓர் ஆர்டர் வந்து, பணம் செலுத்தப்பட்டு, சரக்கு போய்ச் சேர்ந்து, ஒருவேளை வழக்காகும் வரை என்னென்ன நடக்கிறதோ, அந்த வரிசையிலேயே சட்டங்களைப் படிப்பதுதான் வணிகம் செய்பவருக்குப் பயன்தரும் முறை.

அப்படிப் பார்த்தால் முதலில் கையில் எடுக்க வேண்டியது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. முன்மொழிவு எது, ஏற்பு எது, அது எப்போது முழுமை பெறுகிறது, பதினெட்டு வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய முடியுமா என்பவற்றுக்கெல்லாம் விடை அங்கேதான் இருக்கிறது. மின்னணு வடிவில் அமைந்தது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு அதனோடு சேர்க்கிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். கையிருப்பில் இல்லாத சேலைக்கு ஒருவர் நள்ளிரவில் ஆர்டர் கொடுக்கிறார். "உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது" என்று உங்கள் தளம் தானாகவே செய்தி அனுப்பிவிடுகிறது. நீங்கள் அமைத்த தானியங்கி ஏற்பாடு அனுப்பிய செய்தி நீங்கள் அனுப்பியதாகவே கருதப்படும் என்று அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்வதால், ஒப்பந்தம் அமைந்துவிட்டது என்று வாடிக்கையாளர் வலுவாக வாதிட முடியும். "ஆர்டர் கிடைத்தது, கையிருப்பைப் பார்த்து உறுதி செய்கிறோம்" என்று வாசகத்தை மாற்றினால் இந்தச் சிக்கல் பெருமளவு நீங்கும். இப்படி, படிக்கும் ஒவ்வொரு பிரிவையும் உங்கள் தளத்தின் ஒரு வரியோடு பொருத்திப் பாருங்கள்.

அடுத்து, மிகுந்த கவனத்தோடு படிக்க வேண்டியவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 மற்றும் அதன் கீழ் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020. சிறு வணிகர்கள் பலர் இந்த விதிகளைப் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியவை என்று எண்ணி ஒதுக்கிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. பிறருடைய தளத்தில் விற்கும்போது நீங்கள் வெறும் விற்பனையாளர். சொந்தத் தளத்தில் சொந்தச் சரக்கை விற்கும்போதோ விதிகளின் பார்வையில் நீங்களே மின்வணிக நிறுவனம். அப்போது உங்கள் சட்டபூர்வப் பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் தொடர்பு விவரம் ஆகியவற்றைத் தளத்தில் தெளிவாகக் காட்ட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாங்குபவரின் ஒப்புதல் கட்டத்தில் நீங்களே முன்கூட்டி டிக் போட்டு வைக்கக் கூடாது.

"விற்ற சேலை திரும்பப் பெறப்படாது" என்று எழுதி வைப்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. குறையுள்ள சரக்கையோ, விளம்பரத்தில் காட்டிய தன்மை இல்லாத சரக்கையோ திரும்பப் பெற மறுக்க விதிகள் இடம் கொடுப்பதில்லை. திரையில் அரக்காகத் தெரிந்து கையில் சிவப்பாக வந்த சேலை எந்தப் பக்கம் சேரும் என்பது உங்கள் படத்தையும் வர்ணனையையும் பொறுத்தது. மதுரைச் சுங்குடி புவிசார் குறியீடு பெற்ற பெயர் என்பதையும் மறக்க வேண்டாம்: அச்சிட்ட போலித் துணியை அந்தப் பெயரில் விற்பது நுகர்வோரை ஏமாற்றும் விளம்பரம் மட்டுமல்ல, துணியை முடிச்சிட்டுக் கட்டிச் சாயம் ஏற்றும் கைவினைஞரின் உரிமையைப் பறிப்பதும் ஆகும்.

டெல்லியில் இருக்கும் வாடிக்கையாளர் தாம் வசிக்கும் ஊரிலேயே புகார் தொடுக்கலாம் என்று 2019 சட்டத்தின் 34ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே "மதுரை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்" என்ற நிபந்தனையை நம்பி இருக்க முடியாது. அந்த நிலையில் உங்களைக் காப்பது சான்று. வாட்ஸ்ஆப் உரையாடல், மின்னஞ்சல், பணப் பரிமாற்றப் பதிவு ஆகியவற்றின் நகலை நீதிமன்றத்தில் சான்றாக முன்வைக்க, இந்தியச் சாட்சியச் சட்டம், 1872-க்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அந்தப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் கீழ் இத்தகைய சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது, அத்தீர்ப்பைப் படியுங்கள். நுகர்வோர் ஆணையங்களின் நடைமுறை எளிமையானதுதான் என்றாலும், பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

ஜிஎஸ்டியில், வெளிமாநில விற்பனைக்கும் விற்பனைத் தளத்தின் வழியான விற்பனைக்கும் உரிய பதிவு விதிகளை ஒரு தணிக்கையாளரிடம் கேட்டுத் தெளிவது போதும். வாடிக்கையாளரின் முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றைச் சேகரிப்பதால் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 உங்களைத் தொடும். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

உங்கள் வணிகத்துக்காக மட்டும் என்றால் பட்டயம் தேவையில்லை. சட்டங்களின் மூல வாசகம் இந்தியா கோட் அரசுத் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பிறருக்கு ஆலோசனை கூறும் எண்ணம் இருந்தால், இக்னோ, ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகம், பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி ஆகியவை தொலைநிலையில் நடத்திவரும் இணையச் சட்டப் படிப்புகளைப் பரிசீலிக்கலாம். எதில் சேர்வதாக இருந்தாலும் பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் அதில் இல்லாமலோ, சான்றுப் பகுதி இன்னும் 65பி பிரிவோடு நின்றுபோயிருந்தாலோ, அந்தப் பாடம் புதுப்பிக்கப்படும் வரை காத்திருப்பது நல்லது.