டீச்சரிடம் கேளுங்கள்: சித்தியின் வங்கிக்குத் தாராவியிலிருந்து ஒரு போன்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்தியைப் பற்றித்தான். பரீட்சை, படிப்பு சம்பந்தமான கேள்விகளை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தாராவியில் தமிழ் வழி மாநகராட்சிப் பள்ளியில் 31 வருடம் பாடம் நடத்தியவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டீச்சர், நான் பிறந்ததே சயானில்தான். ஆட்டோக்காரரிடம் இந்தி, அலுவலகத்தில் இந்தி, நண்பர்களோடு இந்தி. இப்படி இருந்துகொண்டு ‘இந்தித் திணிப்பு’ என்று பேச எனக்கு என்ன உரிமை இருக்கிறது?
– ஒரு இளைஞர், சயான்

தம்பி, உங்களைவிட நன்றாக இந்தி பேசுவேன் நான். அந்த இந்தி எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

என் அப்பா நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து, தோல் பதனிடும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தார். வந்தபோது ஒரு வார்த்தை இந்தி தெரியாது. ‘பானி’, ‘நமக்’, ‘ஜல்தி’ என்று வேலையோடு வேலையாக ஒட்டிக்கொண்டது. அவர் பேசியது பாதி மராத்தி கலந்த பம்பாய் இந்தி. ஆண்பால் பெண்பால் எல்லாம் தாறுமாறாக வரும். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த கூட்டாளிக்கும் அது புரிந்தது, குஜராத்தி முதலாளிக்கும் புரிந்தது. யாரும் அவருக்குப் பரீட்சை வைக்கவில்லை, தப்பாகப் பேசினார் என்று கூலியைக் குறைக்கவும் இல்லை. பிழைக்க வந்த ஊரில் பிழைக்க வந்தவர்கள் சேர்ந்து உண்டாக்கிக்கொண்ட பேச்சு அது. அதன்மேல் எனக்குப் பிரியம் உண்டு.

இன்னொரு இந்தியையும் பார்த்திருக்கிறேன். போன வருடம் ஊரிலிருந்து சித்தி போன் பண்ணினாள். வயது 68. அவள் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையில் (பெயர் வேண்டாம்) நகைக் கடனைத் திருப்பப் போயிருக்கிறாள். கவுன்ட்டரில் இருந்த பையன் வடக்கிலிருந்து புதிதாக வந்தவன். இவளுக்குத் தமிழைத் தவிர வேறு தெரியாது, அவனுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் இடைவெளியில் போனை நீட்டிவிட்டாள் போல. நான் இங்கே சமையலறையில் நின்றுகொண்டு, நாங்குநேரிப் பக்கம் இருக்கும் ஒரு வங்கியில் என் சித்திக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில் இந்தியில் பேசினேன். வட்டி எவ்வளவு, எந்தப் படிவம், எங்கே கைநாட்டு என்று எல்லாம் முடிந்தது. கடைசியில் சித்தி, “உனக்காவது தெரிஞ்சுதே, நான் படிக்காம விட்டுட்டேனே” என்றாள். அவள் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. சொந்த ஊரில், சொந்த நகையைத் திருப்ப, தன் மொழி மட்டும் தெரிந்ததைத் தன்னுடைய குறையாக நினைத்துவிட்டாள். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மரியாதையாகத்தான் பேசினான், திணறியும் போயிருந்தான். மூன்று மாதம் தமிழ் சொல்லிக்கொடுக்காமல் அவனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவர்கள்மேல்தான் கோபம்.

வேலைத் தேர்வுகளும் அப்படித்தான். மத்திய ஆயுதக் காவல் படைகளில் காவலர் வேலைக்குத் தேர்வு வெகு காலம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே நடந்தது. கான்பூர்ப் பையன் தாய்மொழியில் எழுதுவான், சங்கரன்கோவில் பையன் அயல்மொழியில் எழுதவேண்டும். தமிழ்நாட்டிலிருந்து எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2023 ஏப்ரலில் உள்துறை அமைச்சகம் இறங்கி வந்து, 2024 முதல் தமிழ் உட்பட இன்னும் 13 மொழிகளைச் சேர்த்தது. கேட்டதால்தான் கிடைத்தது. நீங்கள் ஆட்டோவில் இந்தி பேசுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை தம்பி. உரிமையோடு பேசுங்கள்.

1938 போராட்டம் என்கிறார்களே, அதில் பெண்களும் இருந்தார்களா?
– கல்லூரி மாணவி, முலுண்ட்

இருந்தார்கள் அம்மா, கைக்குழந்தையோடு இருந்தார்கள்.

1937இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அரசு வந்தது. 1938 ஏப்ரல் 21 அன்று 125 பள்ளிகளில் ‘இந்துஸ்தானி’ என்ற பெயரில் இந்தியைக் கட்டாயமாக்கி ஆணை போட்டார்கள். அதற்கு முன்னிருந்தே புகைந்துகொண்டிருந்தது பற்றிக்கொண்டது. சென்னையில் பள்ளி வாசல்களில் மறியல், தினமும் கைது. ஆகஸ்டில் திருச்சியிலிருந்து ‘தமிழர் படை’ என்று ஒரு கூட்டம் சென்னைக்கு 42 நாள் நடந்தே போனது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அவர்களோடு நடந்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. நவம்பர் 13 அன்று சென்னையில் பெண்கள் மாநாடு கூடியது. ஈ.வெ.ராவைப் ‘பெரியார்’ என்று அழைக்கத் தீர்மானம் போட்டது அந்தப் பெண்கள்தான். மறுநாளே டாக்டர் தருமாம்பாள், ராமாமிர்தம் அம்மையார் உள்ளிட்ட பெண்கள் மறியல் செய்து கைதானார்கள்.

போராட்டத்தில் மொத்தம் கைதானவர்கள் 1,198 பேர் என்று கணக்கு இருக்கிறது. அதில் பெண்கள் 73 பேர். அவர்களோடு சிறைக்குப் போன பிள்ளைகள் 32. வகுப்பில் இந்தப் பாடம் நடத்தும்போது இந்த 32 என்ற எண்ணைக் கரும்பலகையில் பெரிதாக எழுதுவேன். ‘நம்ம வகுப்புல இருக்கிற அளவு’ என்பாள் யாராவது ஒருத்தி.

நடராசனைத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னையைச் சேர்ந்த தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞர். சிறையில் உடம்பு முடியாமல் போனது. மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றபோது மறுத்துவிட்டார். 1939 ஜனவரி 15 அன்று இறந்தார். மார்ச்சில் கும்பகோணத்துத் தாளமுத்து. இரண்டு பேருக்கும் மூலக்கொத்தளம் இடுகாட்டில் நினைவிடம் இருக்கிறது. எழும்பூரில் இருக்கும் தாளமுத்து நடராசன் மாளிகை இவர்கள் பெயரில்தான். சென்னைக்குப் போனால் எழும்பூர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் எத்தனையோ பேர், அந்த மாளிகையின் பெயர்ப் பலகையை ஒரு நிமிடம் நின்று படித்துவிட்டுப் போங்கள்.

1940 பிப்ரவரி 21 அன்று ஆளுநர் கட்டாயத்தை நீக்கினார்.

அதே ராஜாஜி பிறகு இந்தியை எதிர்த்தாராமே, உண்மையா?
– வாசகர், டோம்பிவிலி

உண்மை. 1950களின் கடைசியில் இந்தி மட்டும் ஆட்சிமொழி ஆவதை வெளிப்படையாகவே எதிர்த்தார். இந்தி பேசாதவர்களுக்கு இந்தியும் ஆங்கிலம் போல அயல்மொழிதான் என்று வாதாடினார். மனம் மாறியதை ஊரறியச் சொல்ல மனத்திடம் வேண்டும். அதற்கு நான் மரியாதை தருகிறேன்.

நாட்டுக்குப் பொதுவாக ஒரு மொழி இருந்தால் நல்லதுதானே? பெரும்பான்மையோர் பேசுவது இந்திதானே?
– ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், கல்யாண்

ஐயா, அரசியல் சாசனத்தில் ‘தேசிய மொழி’ என்று எதுவும் இல்லை. 343ஆவது பிரிவு சொல்வது ஒன்றிய அரசின் ஆட்சிமொழியைப் பற்றி.

பெரும்பான்மைக் கணக்கையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தி தாய்மொழி என்று வருவது 43.6 சதவீதம். பாதியைத் தொடவில்லை. அதற்குள்ளேயே போஜ்புரி பேசுகிற 5 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள், ராஜஸ்தானி இருக்கிறது, இன்னும் பல மொழிகள் இருக்கின்றன. எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) இரண்டு வீடு தள்ளி ஒரு குடும்பம், கிழக்கு உத்தரப் பிரதேசம். அந்தப் பெண் என்னோடு பேசுவது இந்தி. ஊரிலிருந்து அவள் அம்மா கூப்பிட்டால் பேச்சே மாறிவிடும், குரல்கூட வேறாகிவிடும். அது போஜ்புரி. அவள் பிள்ளைக்கு அது வராது. ‘பள்ளிக்கூடத்தில் அது பாஷையே இல்லை என்கிறார்கள் தீதி’ என்றாள். 2003இல் அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் சேர்ந்த மைதிலிக்குக் கிடைத்த இடம் போஜ்புரிக்கு இன்னும் கிடைக்கவில்லை. பொதுமொழி முதலில் விழுங்குவது பக்கத்தில் இருக்கிற மொழிகளைத்தான். நமக்குத் தூரம் காப்பாற்றிக் கொடுத்தது, எதிர்த்து நின்றதும் காப்பாற்றியது.

1965இல் மதுரையில் கல்லூரியில் படித்தவர் என் அப்பா. அதைப் பற்றிக் கேட்டால் பேச மாட்டார். என்னதான் நடந்தது?
– இல்லத்தரசி, செம்பூர்

பேச மாட்டார் அம்மா. அவர் வயதுப் பிள்ளைகள் செத்தார்கள்.

சாசனம் 15 வருடம் ஆங்கிலத்துக்கு இடம் கொடுத்திருந்தது. அந்தக் கெடு 1965 ஜனவரி 26. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்று நேரு வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் 1963 ஆட்சிமொழிச் சட்டத்தில் ஆங்கிலம் ‘தொடரலாம்’ என்றுதான் இருந்தது. ‘தொடர வேண்டும்’ என்று மாற்றுங்கள் என்று மாநிலங்களவையில் அண்ணா வாதாடினார், நடக்கவில்லை. ஒரு விகுதிக்கா இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. வகுப்பில் ‘வீட்டுப்பாடம் எழுதலாம்’ என்று சொல்லிப் பாருங்கள், எத்தனை பேர் எழுதி வருகிறார்கள் என்று.

1964 ஜனவரி 25 அன்று திருச்சி ரயில் நிலையத்தின் முன்னால் கீழப்பழுவூர் சின்னச்சாமி தீக்குளித்தார். அடுத்த வருடம் அதே தேதியில் மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் மோதல், மாநிலம் முழுக்கப் பரவியது. கோடம்பாக்கம் சிவலிங்கம், விருகம்பாக்கம் அரங்கநாதன் தீக்குளித்தார்கள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். அன்று இரவே பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி நேருவின் வாக்கைக் காப்பதாக உறுதி சொன்னார். 1967இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இந்தியை ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் எல்லாம் தீர்மானம் போட்டால் ஒழிய ஆங்கிலத்தை எடுக்க முடியாது. 1976இல் வந்த ஆட்சிமொழி விதிகளின் முதல் விதியிலேயே, ‘தமிழ்நாடு நீங்கலாக’ இந்தியா முழுவதற்கும் என்று இருக்கிறது. அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் உங்கள் அப்பாவின் நண்பர்கள் இருக்கிறார்கள்.

சாகாமல் போராட வேண்டும் என்றுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஆனால் செத்தவர்களை மறக்க விடமாட்டேன். அப்பாவிடம் ‘என்ன நடந்தது’ என்று கேட்காதீர்கள். ‘யார் யார் இருந்தீங்க’ என்று கேட்டுப் பாருங்கள். பேசுவார்.

2025இல் மராத்தியர்களும் இந்திக்கு எதிராகக் கிளம்பினார்களே. அன்று நம்மை விரட்டியவர்கள்தானே? நாம் ஏன் ஆதரிக்க வேண்டும்?
– கடைக்காரர், தாராவி

அண்ணாச்சி, நானும் மறக்கவில்லை. 1960களின் கடைசியில் தென்னிந்தியர்களைக் குறிவைத்து அடித்தார்கள். லோக்கல் ரயிலில் சத்தமாகத் தமிழ் பேசாதே என்று அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் கேட்பது நியாயமாக இருந்தால் நியாயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

2025 ஏப்ரல் 16 அன்று மகாராஷ்டிர அரசு மராத்தி, ஆங்கில வழிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே இந்தியை மூன்றாவது மொழியாகக் கட்டாயமாக்கியது. எதிர்ப்பு கிளம்பியதும் ஜூனில் ‘கட்டாயம்’ என்ற வார்த்தையை எடுத்துப் பார்த்தார்கள். ஜூன் 29 அன்று ஆணைகளையே திரும்பப் பெற்றார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு மூன்று மொழி எழுத்து என்றால் என்ன பாடு என்று எனக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு வரும்போது தமிழ், மராத்தி, ஆங்கிலம், இந்தி என்று நான்கு. கெட்டிக்காரப் பிள்ளைகள் சமாளிக்கும். மற்றவை நான்கிலும் தடுமாறும்.

ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? மராத்தியில் ‘ள’ உண்டு, பேச்சு இந்தியில் கிடையாது. வாழைப்பழம் அவர்களுக்குக் ‘கேளி’, இந்தியில் ‘கேலா’. வள்ளி என்ற பிள்ளை இந்தி நோட்டில் ‘வல்லி’ ஆகிவிடுவாள், மராத்தி நோட்டில் வள்ளியாகவே இருப்பாள். நம் மொழியின் பெயரையே இந்தியில் ‘தமில்’ என்று எழுதுகிறார்கள், மராத்தியில் ‘தமிள்’. ‘ழ’ இரண்டு பேருக்கும் வராது, போகட்டும். ஃபுளோரா ஃபவுண்டன் பக்கத்தில் ஹுதாத்மா சௌக்கில், மொழிவாரி மாநிலத்துக்காக உயிர் விட்ட மராத்தியர்களின் நினைவுச் சின்னம் இருக்கிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு மூலக்கொத்தளம் ஞாபகம் வரும். நீங்களும் கடைப் பலகையில் மராத்தியை மனதாரப் பெரிதாக எழுதி வையுங்கள். அவர்கள் ஊர், அவர்கள் மொழி. நமக்கு ஊரில் வேண்டும் என்று கேட்பதை இங்கே அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் இந்தியில் கதை படிக்க ஆசைப்படுகிறாள். தமிழ்ப் பற்று குறைந்துவிடுமா? எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி, ஆச்சி அங்கேதான்.
– ஒரு அம்மா, அந்தேரி

தாராளமாகப் படிக்கட்டும். சென்னையிலேயே 1918இல் காந்தி தொடங்கிய இந்திப் பிரச்சார சபா இன்றும் நடக்கிறது, விரும்பியவர்கள் போய்ப் படிக்கிறார்கள். ஆசைப்பட்டுப் படிப்பதை யாரும் தடுத்ததில்லை.

அவளுக்குத் தமிழ் எழுத வருமா என்று நீங்கள் சொல்லவில்லையே. வரும் என்றால் மாதம் ஒரு கடிதம் ஆச்சிக்கு எழுதச் சொல்லுங்கள், இங்கே மழை எப்படி, பள்ளியில் என்ன என்று. வராது என்றால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு என் வீட்டுக்கு அனுப்புங்கள். பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள், காசு வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கடிதத்தின் மேல் தூத்துக்குடி விலாசத்தை அவளே எழுதட்டும். ‘த்’தும் ‘க்’கும் விட்டுப் போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.