தாளில் இருக்கும் ஏரி தரையில் எங்கே? பழைய டோப்போ ஷீட் பற்றி வாசகர் கேள்வி பதில்

டோப்போ ஷீட் என்பது ஊர், ஆறு, மலை, சாலை எல்லாவற்றையும் அளந்து வரைந்த நிலவரைபடத் தாள். அதைப் பற்றிக் கேரள, ஆந்திர எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கொழிஞ்சாம்பாறை, பள்ளி ஆசிரியை: ஐம்பதுகளில் எங்கள் வட்டாரம் எப்படி இருந்தது என்று மாணவர்களோடு சேர்ந்து பார்க்க வேண்டும். எந்தத் தாளைத் தேடுவது? எங்கே கிடைக்கும்?

தாள் எண்ணை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, கணக்குப் போட்டாலே வந்துவிடும். இந்தத் தாள்களை வெளியிடும் அரசுத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் 58-ஆம் எண் பெரிய கட்டம் 8 முதல் 12 பாகை (டிகிரி) வடக்கு, 76 முதல் 80 பாகை கிழக்கு. அதை ஒரு பாகைக் கட்டங்களாக 16 ஆக்கி, ஆங்கில எழுத்துகளில் முதல் பதினாறையும் கொடுத்திருப்பார்கள். எழுத்துகள் மேலிருந்து கீழே இறங்கும். ஒரு நெடுவரிசை முடிந்ததும் அடுத்ததன் உச்சிக்கு ஏறும். ஒவ்வொரு எழுத்துக் கட்டமும் அதே முறையில் 15 கலை (60 கலை ஒரு பாகை) அளவுள்ள 16 தாள்களாகப் பிரியும். அவைதான் 'ஒரு அங்குலத் தாள்': ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல்.

உங்கள் ஊர் ஏறத்தாழ 10 பாகை 44 கலை வடக்கு, 76 பாகை 50 கலை கிழக்கு. 10-க்கும் 11-க்கும் நடுவே, 76-க்கும் 77-க்கும் நடுவே என்றால் இரண்டாவது எழுத்து, அதாவது 58 பி. அதற்குள் கடைசி நெடுவரிசையில் 13 முதல் 16 வரை வரும். மேலிருந்து இரண்டாவது தாள் உங்களுடையது: 58 பி/14. ஊருக்கு வடக்கே கொஞ்ச தூரத்திலேயே தாள் முடிந்துவிடுவதால் 13-ஐயும் சேர்த்தே தேடுங்கள். நமக்கு வேண்டிய ஊர் தாளின் ஓரத்தில்தான் விழும் என்பது எழுதப்படாத விதி.

உடனே, காசில்லாமல் கிடைப்பது அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு ஐம்பதுகளில் வெளியிட்ட யு502 வரிசை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பெரி காஸ்டனெடா நூலகம் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் உங்கள் பக்கத்துத் தாளின் எண் என்.சி. 43-8. ஆனால் அளவு 1:2,50,000. தாளில் 1 மி.மீ. என்பது தரையில் 250 மீட்டர். ஊர்கள், சாலைகள், மலைகள் தெரியும். கிணற்றையும் கோயிலையும் அதில் தேடாதீர்கள். அவை ஒரு அங்குலத் தாளில்தான் கிடைக்கும். புவியியல் துறை உள்ள பழைய கல்லூரிகளின் அலமாரிகளையும் ஆவணக் காப்பகங்களையும் கேட்டுப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய 1:50,000 தாளை சர்வே ஆஃப் இந்தியாவின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

பொள்ளாச்சி: 1950-களில் அச்சானது என்று சொல்லித் தந்த நகலில் பொள்ளாச்சி–பாலக்காடு ரயில் பாதையே இல்லை. போலியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. அச்சிட்ட ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. அந்தப் பாதை திறந்தது 1932-இல். போத்தனூர்–பொள்ளாச்சிப் பாதை 1915-இல். முதலாவது இல்லாமல் இரண்டாவது மட்டும் இருந்தால், உங்கள் தாள் காட்டுவது இந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடைப்பட்ட பொள்ளாச்சியை. ஓரக் குறிப்பில் எப்போது அளந்தது என்று இருக்கும். நகல் எடுப்பவர்கள் முதலில் வெட்டி எறிவது அந்த ஓரத்தைத்தான், அதுதான் வினை.

இதைவிட ஏமாற்றுவது பாதி திருத்திய தாள். மறுபதிப்பில் ரயிலையும் பெரிய சாலையையும் மட்டும் சேர்த்துவிட்டு, வண்டித் தடங்களையும் குடியிருப்புகளையும் பழையபடியே விட்டிருப்பார்கள். ஒரே தாளில் இரண்டு காலம் இருக்கும். ஆகவே ஒரு பொருளை வைத்து முழுத் தாளுக்கும் வயது சொல்லாதீர்கள். மலம்புழை நீர்த்தேக்கம் (1955), ஆழியாறு (1962) இருக்கிறதா என்று தனித்தனியே பாருங்கள். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடு 50 அடிக்கு ஒன்று என்றால் பழைய அங்குலத் தாள். 20 மீட்டருக்கு ஒன்று என்றால் பிற்காலத்து 1:50,000.

வண்ணாமடை, விவசாயி: பழைய தாளில் எங்கள் ஊருக்கு மேற்கே ஓர் ஏரி இருக்கிறது. போனில் அந்த அட்சரேகை, தீர்க்கரேகையைப் போட்டுப் போனால் காட்டுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்துகிறது. ஏரியைக் காணோம்.

ஏரி அங்கேயேதான் இருந்திருக்கும், எண்தான் நகர்ந்திருக்கிறது. பூமிக்கு எந்தக் கணித வடிவத்தை எடுத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்து ஓர் இடத்தின் எண் மாறும். பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை. உங்கள் போன் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறு வடிவத்தை. பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் இந்த வித்தியாசம் ஏறத்தாழ 200 மீட்டர். தாளில் படித்த எண்ணை அப்படியே போனில் போட்டால், தேடும் இடத்துக்குத் தென்கிழக்கே போய் நிற்பீர்கள். அங்கிருந்து வடமேற்காக நடந்து பாருங்கள்.

நிரந்தரமாகச் சரிசெய்ய, தாளைக் கணினியில் தரையோடு பொருத்த வேண்டும். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளே போதும். தாளை மடிப்பு நீக்கி 300 டிபிஐ-க்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். அந்த அளவில் அங்குலத் தாளின் ஒரு புள்ளி தரையில் 5 மீட்டருக்குச் சற்று மேல். போனில் சாய்த்து எடுத்த படம் உதவாது. பிறகு தாளிலும் இன்றைய செயற்கைக்கோள் படத்திலும் ஒருசேரத் தெரியும் 8 முதல் 12 இடங்களைக் குறியுங்கள். ரயில் பாலம், பழைய கோயில், ஏரிக்கரை முனை, மலையுச்சி நல்லவை. ஆற்று வளைவும் சாலைச் சந்திப்பும் வேண்டாம், இரண்டும் இடம் மாறும். எல்லாப் புள்ளிகளையும் ஊருக்குள்ளேயே குவித்தால் ஊர் சரியாக உட்கார்ந்து ஓரங்கள் பிய்த்துக்கொண்டு போகும். நான்கு மூலைகளிலும் பரப்புங்கள். மென்பொருள் கேட்கும் மாற்ற வகைகளில், தாளை வளைக்காமல் நகர்த்தி, திருப்பி, நீட்டிப் பொருத்தும் முதல்படிப் பல்லுறுப்புக்கோவை (பாலினாமியல் 1) மாற்றமே போதும். உயர்ந்த படிக்குப் போனால் பிழை எண் குறைவதாகக் காட்டும், தாளோ ரப்பர் மாதிரி வளைந்திருக்கும். 50 மீட்டருக்குள் பிழை வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். அங்குலத் தாளில் அது 1 மி.மீ.கூட இல்லை.

தாளின் கட்டக்கோடுகளை வைத்துப் பொருத்துவது எளிது என்று பலர் அதைச் செய்கிறார்கள். கோட்டில் உள்ள எண்ணை டபிள்யூ.ஜி.எஸ். 84 எண்ணாகவே கொடுத்தால் அந்த 200 மீட்டரும் கூடவே வந்துவிடும்.

இனி ஏரிக்கு வருவோம். தாளில் கரையை ஒட்டி '9ஆர்' என்பது போல் ஒரு சிறிய எண் இருக்கும். அது கடல்மட்ட உயரம் அல்ல. பக்கத்துத் தரையிலிருந்து கரை எத்தனை அடி உயரம் என்பது. ஒன்பதடிக் கரை சுலபத்தில் அழிவதில்லை. செயற்கைக்கோள் படத்தில் பிறை வடிவில் ஒரு பனைவரிசை, அதன் ஒரு பக்கம் மட்டும் சதுரம் சதுரமாகப் புதுத் தென்னந்தோப்பு என்று தெரிந்தால், தோப்பு நிற்பதுதான் ஏரியின் வயிறு.

திருத்தணி: பழைய தாளில் எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறதே?

சரிதான். சென்னை, ஆந்திர எல்லை மாற்றம் 1.4.1960-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை திருத்தணி சித்தூர் மாவட்டம். உங்கள் தாள் 57-ஆம் எண் கட்டத்தில் வரும். இணையத்தில் தேடும்போது பாலக்காட்டுச் சித்தூரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். செங்கோட்டைக்காரர்களுக்கும் இதே பதில்: 1956 நவம்பர் 1-க்கு முந்தைய தாளில் உங்கள் ஊர் திருவிதாங்கூர்ப் பக்கம்தான்.

வேலந்தாவளம்: பாலக்காட்டுக்கும் சித்தூருக்கும் நடுவே மாநில எல்லைக் கோடு போட்டிருக்கிறார்களே, ஏன்?

அன்று அது உண்மையாகவே எல்லை. பாலக்காடு மலபார் மாவட்டம், சென்னை மாகாணம். சித்தூர் கொச்சி சமஸ்தானம். அதுவும் சமஸ்தானத்தின் மற்றப் பகுதியோடு ஒட்டாமல், சுற்றிலும் மலபாரும் கோயம்புத்தூரும் சூழ்ந்த தனித் துண்டு. 1949-இல் கொச்சி திருவிதாங்கூரோடு இணைந்தது. 1956-இல் மலபாரும் கேரளத்துக்குள் வந்ததும் இந்தக் கோடு தாலுகா எல்லையாகச் சுருங்கியது.

வரலாறு தேடுபவர்களுக்கு இந்தக் கோடு பொன். அதை வண்டித் தடங்கள் எங்கெல்லாம் வெட்டுகின்றன என்று முதலில் குறியுங்கள். அந்த இடங்களின் பக்கத்தில் சாவடி, சுங்கம், தாவளம் என்று முடியும் பெயர் இருக்கிறதா பாருங்கள். தாவளம் என்றால் பொதிமாட்டு வணிகர் தங்கும் இடம். உங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. பிறகு தடத்தின் வழியே நடந்து சுமைதாங்கிக் கல், கல்தொட்டி, இடிந்த சத்திரத் திண்ணை தேடுங்கள். தார் போட்ட சாலையில் இவை பெரும்பாலும் போயிருக்கும். சாலையாக மாறாமல், வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதையான இட்டேரியாகவே நின்றுவிட்ட தடத்தில்தான் மிச்சம் இருக்கும்.

பெயரைப் படிப்பதில் ஒரு எச்சரிக்கை. ஆங்கில எழுத்தில் ழ, ள, ல மூன்றும் பல தாள்களில் ஒன்றாகியிருக்கும்; பதி, பட்டி குழம்பும். அகராதியை வைத்து ஊகிக்காமல், எழுதியிருப்பதை உரக்கப் படித்து ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். காது பிடித்துக்கொள்ளும்.

குமுளி: பங்காளி வழக்குக்கு டோப்போ ஷீட்டைக் காட்டலாமா?

உதவாது. அதில் பட்டா எல்லையும் சர்வே எண்ணும் கிடையாது. கோட்டின் தடிமனே தரையில் பத்திருபது மீட்டர். கிராம வரைபடமும், ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுகளையும் காட்டும் புலப்பட நகலும் வாங்குங்கள். அந்த இடத்தில் முன்பு பாதையோ ஓடையோ இருந்ததா என்ற கேள்விக்கு மட்டும் டோப்போ ஷீட் துணைச் சான்றாக நிற்கலாம். உங்கள் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்கான தாள் எண் 58 ஜி/2.