குயில் ‘குக்’ சொல்லாமல் ‘கூ’ மட்டும் சொல்கிறது

உங்கள் பழைய குயில் கடிகாரம் மணிக்கு மணி ‘குக்கூ’ என்று கூவாமல் ‘கூ’ மட்டும் சொல்கிறது என்று கேட்டிருந்தீர்கள். மணியடிக்கும் பொறியில் கோளாறு இல்லை. அதைக் கழற்ற வேண்டாம். குயில் வெளியே வந்து, வாயைத் திறந்து, இரண்டாவது ஒலியை மட்டும் எழுப்புகிறது என்றால் முதல் ஒலிக்கான துருத்திதான் சந்தேகத்துக்குரியது. குரல் குயிலிடம் இல்லை. பெட்டிக்குள் இரண்டு மரக்குழல்கள் நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிறு துருத்தி. கம்பி அதைத் தூக்கிவிடும், அது தன் எடையில் இறங்கும்போது காற்று குழலை ஊதும். உச்சக் குரல் முதலில், தாழ்ந்தது பின்னால்.

துருத்தியின் மடிப்புகளில் ஒட்டிய மெல்லிய தோலோ தாளோ நூறு வருடத்தில் மொறுமொறுவென்று வெடித்திருக்கும்.

ஊசலை நிறுத்திவிட்டு, துருத்தியின் மேல் பலகையை விரலால் தூக்கி விடுங்கள்.

1. தொப்பென்று விழுந்தால் மடிப்பில் கிழிசல்.
2. மெல்ல இறங்கியும் ஒலி இல்லையென்றால் குழல்வாயில் தூசி. மென்தூரிகை போதும்.
3. விரலுக்குக் கூவி, மணிக்குக் கூவவில்லையென்றால் கம்பி வளைந்திருக்கிறது.

கிழிசலில் செலோடேப் ஒட்டாதீர்கள்; விறைத்துப்போய் துருத்தி மடங்காது. நானே அப்படி ஒன்றைக் கெடுத்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: உங்களுடையது எடைக்கல் தொங்காத மேசைக் கடிகாரம், உள்ளே சுருள்வில். ஜெர்மனியின் ஐசன்பாக் ஊரில் பேஹா என்ற கடிகாரக் கைவினைஞர் செய்தவற்றில், வில்லின் இழுவிசையைச் சமப்படுத்தும் கூம்பு உருளையும் சேர்ந்திருக்கும். முறுக்கைத் தளர்த்தாமல் பித்தளைத் தகடுகளைப் பிரித்தால் விரல் போகும். அந்த வேலை கடிகாரக்காரருக்கு.